எங்கள் வாசலில் ஒரு தங்க நண்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையில் நைனாவின் படத்தைத் தேடியிருப்பீர்கள். படம் உள்ளே இருக்கிறது, அடுத்த தாளைத் திருப்பினால் சிரித்துக்கொண்டிருப்பார். அட்டையில் இருப்பது நண்டு. அச்சுக்கூடத்தில் தாள் மாறிப்போகவில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் நானே வடிவமைத்து அச்சுக்குக் கொடுத்ததுதான். அட்டையை மட்டும் மாதிரிக்கு அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, புதுக் கட்சியா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க வூட்டுக் கட்சி" என்றேன். அவர் ஓர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் நைனா, எங்கள் அப்பா, எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. கண்ணீரோடு எழுத வேண்டிய கட்டுரை என்று எனக்குத் தெரியும். ஆனால் போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் அழுகையை முந்திக்கொண்டு ஒரு பரபரப்பு வருகிறது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லலாமா என்று இருக்கிறது. ஆகவே நடை கொஞ்சம் ஓட்டமாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது மாகறலுக்குப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் ஒரு சிற்றூர். எங்கள் தாத்தா அந்த ஊர்ப் பெரிய வீட்டின் பண்ணையாள். அவருக்கென்றே ஒரு வேலை இருந்தது. வயல் நண்டு வரப்பில் வளை தோண்டும். அந்த வளை வழியாக ஒரு வயலில் கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். தாத்தா விடிந்ததும் வரப்பு வரப்பாக நடந்து, வளைக்குள் கையை விட்டு நண்டைப் பிடித்து, சேறு குழைத்து வளையை அடைப்பார். பிடித்த நண்டு எங்கள் வீட்டுக் குழம்புக்கு. அதனால் பெரிய வீட்டுக்காரர்கள் எங்கள் குடும்பத்துக்கு 'நண்டு வூடு' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

நைனாவுக்கு ஓர் அண்ணன். என் பெரியப்பா. இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்திருப்பீர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவருடைய சிலேட்டில் யாரோ ஒரு நண்டை வரைந்து வைத்தார்கள். பெரியப்பா அந்தச் சிலேட்டை வாசற்படியில் அடித்து உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதோடு அவர் படிப்பு முடிந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நைனா வேறு மாதிரி. அவர் கண் முழுதும் பெரிய வீட்டு வாசல் மேலேயே இருந்ததாம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வீடு அது. வாசல் நிலைக்கு மேலே சுதையில் இரண்டு சிங்கங்கள் பின்னங்காலில் எழுந்து நின்று ஒரு கேடயத்தைப் பிடித்திருக்கும். கேடயத்துக்குள் தாமரையில் லட்சுமி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிரீடம். சிங்கம் சீமையிலிருந்து வந்தது, லட்சுமி நம்மூர், கிரீடம் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வாசல் வழியாக நாங்கள் உள்ளே போகக்கூடாது. எதிர்ப்புறத்தில் நின்று பார்க்கத் தடை இல்லை. நைனா பார்த்தார். பார்த்துவிட்டு ஆற்று மணலில் போய் வரைந்தார்.

தாத்தா காலமானதும் பெரியப்பா தம்பியை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் வந்து சேர்ந்தார். நெல் மண்டியில் மூட்டை தூக்கித் தம்பியை வளர்த்தார். போர்டு எழுதும் ஒரு கடையில் தம்பியைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். நைனா பேருந்துகளுக்கு ஊர்ப் பெயர் எழுதினார், அரிசி மூட்டைகளுக்கு மயிலும் மானும் கிரீடமும் வரைந்தார், பிறகு காஞ்சிபுரத்தில் கோயில் வாகனங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களோடு சேர்ந்து அந்த வேலையைக் கற்றார். ரேக்கு என்பது அடித்து அடித்து மெல்லிசாக்கிய தங்கம். மூச்சு விட்டால் பறந்துவிடும். கடைசி மாதம் வரை அவருக்கு வேலை குறைந்ததில்லை. வாகனம், சர்ச்சுப் பீடம், கல்யாண மண்டபத்து நாற்காலி என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ரேக்கைக் கையால் எடுக்க முடியாது. அணில் மயிரில் செய்த தட்டைப் பிரஷ் ஒன்று வைத்திருப்பார். அதைத் தம் நெற்றியில் ஒருமுறை தடவுவார். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு துளி பிரஷில் ஏறும். அந்தப் பிசுக்கில் ரேக்கு ஒட்டிக்கொண்டு எழுந்து வரும். பிசுக்கு அதிகமானால் பிரஷை விட்டு இறங்காது, குறைந்தால் ஏறவே ஏறாது. ஈரம் பட்டால் போச்சு, சுருண்டு கெட்டுவிடும். அதனால் வேலை நாளில் நைனா முகம் கழுவ மாட்டார். வீட்டில் ஃபேன் போடக்கூடாது, சிரிக்கக்கூடாது, மிளகாய் தாளிக்கக்கூடாது. என் அம்மா, "மத்தவங்க மூஞ்சி கழுவிக்கினு வேலைக்குப் போறாங்க. உங்க நைனாவுக்கு மட்டும் மூஞ்சில எண்ணெ வயிஞ்சாதான் சோறு" என்று எங்களிடம் சொல்லிக் காட்டுவார். நைனா சிரிக்க முடியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு தோளைக் குலுக்குவார்.

சின்னங்கள் மேல் அவருக்கு இருந்த பைத்தியத்தை எப்படிச் சொல்வேன்! பேருந்துச் சீட்டு, தீப்பெட்டி, காவலர் தொப்பி, பள்ளி பேட்ஜ், காசு, எதைக் கண்டாலும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒருமுறை பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். பக்கம் பக்கமாகக் கேடயங்கள், வண்ணப் படங்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் அப்போது அரைகுறைதான். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதிலிருந்து இரண்டு பக்கம் படித்துச் சொன்னால்தான் எனக்குத் தேநீர்.

சீமையில் வீரர்கள் தலையிலிருந்து கால்வரை இரும்பைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்கள், முகம் தெரியாததால் யார் எவர் என்று காட்டக் கேடயத்தில் சின்னம் வரைந்தார்கள் என்று படித்துச் சொன்னேன். நைனா குதித்து எழுந்தார். "பாத்தியா! நம்ம ராஜா மூஞ்சியத் தொறந்துக்கினுதானே போனான்? அப்பறம் எதுக்கு இவனுக்குப் புலி, அவனுக்கு மீனு?" என்று கேட்டு, அடுத்த ஞாயிறே என்னையும் இழுத்துக்கொண்டு சென்னையில் ஒரு காட்சிசாலைக்குப் போனார். அங்கே சோழர் செப்பேட்டு வளையத்தில் வார்த்த முத்திரை இருந்தது. புலி உட்கார்ந்திருக்கிறது, அதன் எதிரே இரண்டு மீன், கீழே வில், மேலே குடை. ஜெயித்தவன் மற்ற இருவர் சின்னங்களையும் தன் முத்திரைக்குள் வைத்துக்கொண்டான் என்று அங்கிருந்தவர் விளக்கினார். சீமையிலும் இரண்டு குடும்பத்துச் சின்னங்களை ஒரே கேடயத்தில் சேர்ப்பார்கள், அது திருமணத்தால் வருவது என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். நைனா கண்ணாடிப் பெட்டிமேல் மூக்கை வைத்துக்கொண்டு, "அங்க கல்யாணத்துல சேந்துது, இங்க சண்டையில சேந்துது" என்றார். பெட்டியில் அவர் நெற்றி எண்ணெய் படிந்துவிட்டது. காவலாளி திட்டினார்.

இன்னொரு நாள், தங்கத்தின் மேல் வெள்ளியை வைக்காதே, நிறத்தின் மேல் நிறத்தை வைக்காதே, நிறத்தின் மேல் தங்கமோ வெள்ளியோ வை என்று ஒரு விதியைப் படித்தேன். நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இத நான் பஸ் போர்டுலயே கத்துக்கினேன்டி! வெள்ளை மேல மஞ்சள் எய்துனா பஸ்ஸு போனப்புறம்தான் எந்த ஊருன்னு தெரியும்!" சீமை வீரனும் செங்கல்பட்டுப் பேருந்தும் ஒரே விதியில் ஓடுவதாக அன்று முழுதும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இத்தனை தெரிந்தவர் ஒரு பெரிய தப்புச் செய்தார். அதையும் எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். ஒரு கல்யாண மண்டபத்து மணமக்கள் நாற்காலிக்கு முதுகுப்பலகை செய்து தரச் சொன்னார்கள். 'நல்லா கம்பீரமா இருக்கணும்' என்றார்கள். நைனா சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பார்த்து, அதில் இருந்த சிங்கங்களைச் சக்கரத்தோடு அப்படியே செதுக்கி ரேக்கு ஒட்டிவிட்டார். ஜொலித்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு உறவான வருவாய் ஆய்வாளர் ஒருவர் மேடைக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"யாருய்யா இத செஞ்சது?"

"நான்தான் சார். பெயிண்டு இல்ல, சுத்தமான ரேக்கு" என்றார் நைனா பெருமையாக.

"இது கவர்மெண்டு முத்திரைய்யா! கல்யாண சேர்ல போட்டா கேஸ் ஆயிடும்."

"கவர்மெண்டு நம்பள்து தானே சார்?"

"நம்பள்துதான். அதுக்குன்னு மாப்ள தலைக்கு மேல வெப்பியா?"

நாதஸ்வரம் ஒருபக்கம் வாசிக்க, நைனா உளியை எடுத்தார். பிடரியைச் சீவி இதழாக்கினார், வாய்களை மெழுகால் அடைத்தார், சிங்கங்கள் தாமரை மொட்டுகளாகிவிட்டன. ஆய்வாளர் திருப்தியாகி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தத் திருமண ஆல்பத்தில் இன்றும் இடப்பக்க மொட்டுக்கு ஒரு கோரைப்பல் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்தவர் உளியைத் துடைத்து வைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "சின்னம்னா அயகு மட்டும் இல்ல. இது யார்துன்னு கேட்டா, என்னுதுன்னு ஒருத்தன் எய்ந்து நிக்கணும். நான் ஊருக்கெல்லாம் செய்றேன். எய்ந்து நிக்க நமக்குன்னு இன்னா கீது?"

அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. நாங்கள் சொந்த வீடு கட்டியபோது வாசல் நிலைக்கு மேலே கேடய வடிவில் ஒரு முழ அகலத்துக்குக் குழி விடச் சொன்னார். கொத்தனார் எதற்கு என்று கேட்டார். "நம்ம சின்னத்துக்கு" என்றார் நைனா. எந்தச் சின்னம் என்று கொத்தனார் கேட்க, இவர் திருதிருவென்று விழித்தார். குழி காலியாகவே இருந்தது. ஒரு தேர்தலுக்கு அதில் கட்சிக்காரர் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்ட ஏணி வைத்தே விட்டார். நைனா ஏணியைப் பிடித்து இழுத்தார்.

"வேலு வெச்சிடேன்" என்பார் அம்மா. "அது முருகனுது" என்பார். புலி என்றால் சோழனுது, நந்தி என்றால் பல்லவனுது, மயில் என்றால் அரிசி மில்லுது. எதைச் சொன்னாலும் அதற்கு முன்பே ஒரு சொந்தக்காரர் இருந்தார். பல வருடம் இப்படியே போயிற்று.

அப்போதுதான் அவர் பிறந்த ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகளுக்குக் கல்யாணம், வாசல் சிங்கங்களுக்குத் தங்கம் ஏற்ற வேண்டும் என்றார் இப்போதைய வீட்டுக்காரர். உத்திரமேரூரில் நல்ல கைவேலைக்காரர் என்று விசாரித்து வந்திருந்தார், யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. நைனா அந்தப் பழைய புத்தகத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது கல்லூரி முடிந்திருந்தது. சாரத்தில் ஏறிச் சிங்கத்தின் பக்கத்தில் நின்றவர் கீழே குனிந்து என்னிடம், "இது நம்ம தெரு நாய் சைஸு கூட இல்லடி! இதுக்கா அவ்ளோ பயந்தேன்?" என்றார்.

நான்கு நாள் வேலை. கடைசி நாள் சிங்கங்கள் வெயிலில் தகதகவென்று நின்றன. வீட்டுக்காரர் மகிழ்ந்துபோய், அதே வாசல் வழியாக எங்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். அவருடைய தாயார், மிகவும் வயதானவர், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நைனாவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த ஜாடை எனக்குத் தெரியுமே. நண்டு வூட்டுப் புள்ளதானே நீ?"

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "எங்களுக்குப் பேர் கீதுங்க" என்று எழுந்தேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஆமாம்மா. நண்டு வூடுதான்."

"உங்கப்பன் போனப்புறம் எங்க வரப்பு ஒண்ணும் நிக்கல" என்றார் அந்த அம்மா. அது பாராட்டா, குறையா, பழைய அதிகாரமா என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அவர் ஊஞ்சலை உதைத்துக்கொண்டார்.

பேருந்தில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். 'ஏன் ஆமாம்னு சொன்னீங்க, அந்தப் பேரை அவங்க வாயிலயே திருப்பி அடிச்சிருக்கணும்' என்று என்னென்னவோ பேசினேன். நைனா காதில் வாங்கவே இல்லை. கையில் இருந்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தார். பேருந்து குலுங்கிய குலுக்கலில் கோடு ஓடிற்று. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காட்சிசாலையில் கண்ட அதே முகம்.

"பாருடி! ஓடே கேடயம். ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கினு நிக்கிது, அந்தச் சிங்கம் நிக்கிற மாதிரியே. செவப்பு மேல தங்கம், உன் புத்தகத்து விதி கூடத் தப்பல. வேற எவனும் இத வெச்சிக்கல, எவனும் கேக்க மாட்டான். இத்தினி வருசம் நான் தேடிக்கினு இருந்தேன், அந்தம்மா ஒரே வார்த்தையில குடுத்துட்டாங்க!"

"அது வசவு நைனா."

"வசவுதான். வெச்சது அவங்க. எத்தினி தலமொறைக்கி அப்படியே விடறது? நாம எடுத்து மேல வெச்சிட்டா அப்பால எப்படி வையுவாங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இறங்கும்போது நானும் அவர் கட்சிக்கு வந்துவிட்டேன்.

பத்து நாளில் பலா மரத்தில் நண்டைச் செதுக்கி, காவி பூசி, ரேக்கு ஒட்டத் தயாராக வைத்தார். அன்று பெரியப்பா வந்தார். நண்டைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பெரியப்பா குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இந்தப் பேர ஒயிக்கத்தான்டா நான் மூட்ட தூக்குனேன். நீ அதத் தங்கத்துல வெக்கிறியா?"

நைனா தன் கணக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தார், சோழன், சீமை, சிவப்பு மேல் தங்கம். பெரியப்பா காதில் எதுவும் ஏறவில்லை.

"என் சிலேட்டுல இருந்த நண்டு இது. நான் உசுரோட கீற வரைக்கும் வாணாம்."

ஊரில் யாரோடும் வாதாடும் நைனா, வருவாய் ஆய்வாளரிடமே வாதாடிய நைனா, "சரிண்ணா" என்றார். நண்டைத் தம் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை எடுத்துத் தூசு தட்டித் திரும்ப வைப்பார். அண்ணனைப் பற்றி ஒரு சொல் குறை பேசியதில்லை. வளர்த்த கையை மறக்காதவர் எங்கள் நைனா. குழி காலியாகவே இருந்தது.

போன ஆண்டு நெஞ்சு வலி வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையிலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. போர்வையில் அச்சடித்திருந்த அரசு முத்திரையைக் கண்ணருகே இழுத்து, "இந்தக் கோபுரத்துக்கு ஒரு நிலை கொறையுதே, யாரும் பாக்கலியா?" என்று செவிலியரைக் கேட்டார். அந்தப் பெண் எண்ணிப் பார்த்து ஆமாம் என்றதும் அவருக்கு மருந்து ஊறியது போல முகம் தெளிந்தது. கடைசிக்கு முதல்நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "எனக்கப்புறம் நீயா எடுத்து மாட்டிடாதே. அண்ணன் சொல்லாம வெக்கக்கூடாது" என்றார். நான் கையடித்துக் கொடுத்தேன். பெரியப்பா சொல்லப்போவதில்லை என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன்.

போன வாரம் இந்த நினைவு நாளுக்காக வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பெரியப்பா மேற்பார்வைக்கு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்த கொத்தனார் ஏணிமேல் நின்று, கரண்டியில் சிமெண்டோடு, நிலைக்கு மேலே இருந்த குழியைக் காட்டினார்.

"பெரியவரே, இந்த ஓட்டைய அடச்சிடட்டா?"

பெரியப்பா நிமிர்ந்தார். குழியையே பார்த்தார். கொத்தனார் மறுபடி கேட்டார். நான் உள்ளே குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றது.

"அடைக்காதே" என்றார் பெரியப்பா. "எங்கப்பன் ஆயுசு பூரா அடச்சான். எத்தினி வளை. ஒண்ணாவது தொறந்து கெடக்கட்டும்."

பிறகு வீட்டுக்குள் திரும்பி, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "கட்டுலுக்கு அடியில ஒண்ணு கீதே, அத எடுத்துக்கினு வா. இன்னிக்கே ரேக்கு ஒட்டு."

புளிக்கையோடு ஓடினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

ரேக்கு வேலையை நான் பார்த்திருக்கிறேனே தவிர, சின்னச் சின்ன ஒட்டுக்கு மேல் செய்ததில்லை. முன்னறையில் ஃபேனை நிறுத்தினோம், ஜன்னல்களைச் சாத்தினோம். பெரியப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். நண்டின்மேல் வார்னிஷ் பூசி, அது காய்ந்தும் காயாத பதத்துக்கு வரக் காத்திருந்து, நைனாவின் பிரஷை எடுத்து என் நெற்றியில் தடவினேன். முதல் ரேக்கு சுருண்டது. இரண்டாவதும் சுருண்டது. ஏன் என்று புரியாமல் விழித்தேன்.

"அழுவாதடி, ரேக்கு கெடுது" என்றார் அம்மா.

அப்போதுதான் என் முகம் முழுதும் நனைந்திருப்பது எனக்கே தெரிந்தது. துடைத்தேன். மறுபடி நனைந்தது. வியர்வை வேறு. அடக்கினால் நிற்கிற அழுகையாகவும் அது இல்லை, சந்தோஷத்தில் வந்தது எப்படி நிற்கும்! இன்று முடியாது, நாளை செய்யலாம் என்று பிரஷைக் கீழே வைக்கப் போனேன்.

பெரியப்பா துண்டால் தம் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டு என்னை நோக்கிக் குனிந்தார். காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றியில் இறங்கியிருந்தது.

"இங்க தடவு" என்றார்.

எத்தனையோ மூட்டைகளின் பாரத்தைத் தாங்கித் தழும்பேறிய நெற்றி. தடவினேன். ரேக்கு பிரஷோடு எழுந்து வந்து நண்டின்மேல் உட்கார்ந்தது. மறுபடி அவர் குனிந்தார், மறுபடி தடவினேன். கொடுக்கு, ஓடு, எட்டுக் கால், ஒவ்வொரு ரேக்குக்கும் பெரியப்பா ஒருமுறை குனிந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு. முடிந்தபோது அவருடைய புருவத்தில் ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டியிருந்தது. அம்மா துடைக்கப் போனார். "இருக்கட்டும்" என்றார்.

நைனாவின் இறுதி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், கோபுர நிலையை எண்ணிச் சொன்ன அந்தச் செவிலியருக்கும், ஊர்தி கிடைக்காதபோது தன் வண்டியில் கொண்டுசேர்த்த எதிர்வீட்டாருக்கும், மாகறலிலிருந்தும் ஓரிக்கையிலிருந்தும் அன்று பேருந்து மாறி ஓடி வந்த சொந்தங்களுக்கும், அவரோடு சாரம் ஏறிய தொழில் தோழர்களுக்கும், கேட்காமல் அடைத்துவிடாமல் ஒரு வார்த்தை கேட்டாரே அந்தக் கொத்தனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொத்தனாருக்குத் தனியாக இரண்டு பங்கு சாப்பாடு.

உணவுக்கு உள்ளே வரும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். சிவப்பின் மேல் தங்கமாக, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெரியப்பாவைக் கேளுங்கள், சொல்வார். மாட்டி முடித்ததும் நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"இது யார்து பெரியப்பா?"

அவருக்கு முழங்கால் வலி. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார், அம்மா உதவிக்குப் போனதை வேண்டாம் என்று கையமர்த்தினார். மெல்ல எழுந்து நின்றார்.

"எங்களுது" என்றார்.